குறையில்லை என்பவரின் குறைகள்



எமது கிராமங்களில் வயது முதிர்ந்த ஓர் அம்மாவிடம் போய், "எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்று கேட்டால் அநேகமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "எனக்கென்ன பிள்ளை, ஒரு குறையுமில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வருது. கடவுள் கூப்பிடுமட்டும் இருக்க வேண்டியதுதானே." கேட்டவரும் மனநிறைவோடு எழும்பி வந்துவிடுவார். பதிவுக் கொப்பியிலும் "நலமாக உள்ளார்" என்று எழுதப்பட்டுவிடும்.

அதே வீட்டில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தால் வேறு விடயங்கள் தெரியவரும். அந்த அம்மா பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. மலசலகூடம் வளவின் பின்பக்கத்தில் இருக்கிறது. போகும் வழியில் வெளிச்சமில்லை. இரவில் எழும்பினால் விழுந்துவிடுவேனோ என்ற பயம். மகளை எழுப்பவும் மனமில்லை. மகள் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவியம் நடத்துகிறவள். ஆகவே தாகத்தை அடக்கிக்கொள்வதுதான் அம்மா தனக்கென்று கண்டுபிடித்த வழி.

இந்த அம்மாவுக்கு வீடு இருக்கிறது, மகள் இருக்கிறாள், சாப்பாடும் இருக்கிறது. ஆனாலும் ஒரு தேவை தீராமலே இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை. வீட்டோடு இருக்கும் முதியவர்களின் இப்படியான நிறைவேறாத தேவைகளைப் பற்றியே இம்மாதம் உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

வீட்டோடு இருப்பவர்கள்

முதியோர் பராமரிப்பு என்றவுடன் பலருக்கும் நினைவில் வருவது கைதடி முதியோர் இல்லம்தான். ஆனால் இல்லங்களில் இருப்போரின் தொகை மிகச் சிறியது. எமது முதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமது வீட்டிலோ பிள்ளைகளின் வீட்டிலோதான் இருக்கின்றனர். வீட்டில் இருக்கிறார் என்றால் கவனிப்பு இருக்கிறது என்று சமூகமும் அரசும் எடுத்துக்கொள்கின்றன. அதனாலேயே அவர்களுடைய தேவைகள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 12.4 வீதமானோர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாவர். 65 வயதுக்கு மேற்பட்டோர் அப்போது 7.9 வீதம். 2024 மதிப்பீட்டில் இவர்கள் 12.6 வீதமாக உயர்ந்துள்ளனர். நாடு முழுவதும் முதுமை அடைந்து வருகிறது.

யாழ்ப்பாணத்திற்கோ இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 1981 இல் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 738,788. 2012 இல் அது 583,882. முப்பத்தொரு வருடத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேலான குறைவு. 1983 இன் பின்னரும், 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோதும், அதற்குப் பின்னரும் வெளியேறியவர்களில் பலர் இளைஞர்களும் நடுத்தர வயதினரும். திரும்பி வந்தவர்களிலும், போகாமல் நின்றவர்களிலும் முதியவர்களின் பங்கு பெரிது. போரில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் இன்று உயிரோடு இருந்திருந்தால், தாய் தகப்பனைப் பார்க்கும் வயதில் இருந்திருப்பார்கள்.

முன்னர் ஒரு முதியவரைச் சுற்றி மகன், மருமகள், மகள், சகோதரி, பக்கத்து வளவு மைத்துனி என்று ஐந்தாறு பேர் இருந்தனர். ஒருவர் குளிக்க வார்ப்பார், ஒருவர் மருந்துக்குக் கூட்டிப்போவார், ஒருவர் இருந்து கதைப்பார். கூட்டுக்குடும்பம் என்று நாம் சொல்வது இந்த வேலைப் பங்கீட்டைத்தான். இன்று அந்த ஐந்தாறு பேருடைய வேலையும் பல வீடுகளில் ஒரேயொரு பெண்ணின் தலையில் வந்து நிற்கிறது. சில வீடுகளில் அந்த ஒருத்தியும் இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பூட்டிய அறைகளைக் காத்துக்கொண்டு முதியவர் தனியே இருக்கிறார்.

தேவையை எப்படி அறிவது?

முதியவரின் தேவைகளை அளவிட உலகில் பல முறைகள் இருக்கின்றன. 1963 இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி காற்ஸ் என்பவர் ஆறு அன்றாடச் செயல்களைப் பட்டியலிட்டார். குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், படுக்கையிலிருந்து எழும்பி இருத்தல், சலமலத்தை அடக்கும் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகியவையே அவை. இவற்றில் எதைத் தனியே செய்ய முடியவில்லையோ அதில் உதவி தேவை. 1969 இல் லோற்றன், பிறோடி என்ற இருவர் இதனோடு வேறு எட்டு விடயங்களைச் சேர்த்தனர். கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டு வேலை, உடுப்புத் தோய்த்தல், பயணம் செய்தல், தொலைபேசி பாவித்தல், மருந்தை முறையாக எடுத்தல், பணத்தைக் கையாளுதல் என்பன அவை.

2000 ஆம் ஆண்டளவில் இலண்டனில், கேம்பர்வெல் என்ற இடத்தின் பெயரோடு முதியோர் தேவை மதிப்பீட்டு முறையொன்று வந்தது. அது 24 விடயங்களைக் கேட்கிறது. உணவு, உடல்நலம், கண், காது என்பவற்றோடு பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறார், பேச்சுத்துணை உண்டா, யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா, பணத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பவையும் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் தேவை இருக்கிறதா, இருந்தால் அது தீர்க்கப்படுகிறதா என்று தனித்தனியே பார்க்கப்படுகிறது. தேவை இருந்து, போதிய உதவி கிடைக்காவிட்டால் அது நிறைவேறாத தேவை.

இந்த முறையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொன்று. முதியவரை ஒருபக்கமாகவும், அவரைப் பராமரிப்பவரை வேறொரு பக்கமாகவும், சேவை செய்யும் உத்தியோகத்தரைத் தனியாகவும் அது கேட்கிறது. மூவரின் பதில்களும் அநேகமாக ஒன்றுபோல இருப்பதில்லை. இம்முறையைப் பயன்படுத்திய பல நாட்டு ஆய்வுகளில், உணவு, உறைவிடம் போன்றவை பெரும்பாலும் தீர்க்கப்பட்டிருக்க, பேச்சுத்துணை, பகல் பொழுதுபோக்கு, கண் பார்வை, கேட்கும் திறன் போன்றவையே தீராமல் நிற்கின்றன. எமது வீடுகளில் காண்பதும் ஏறத்தாழ இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஐந்து தேவைகள்

1. தண்ணீரும் மலசலகூடமும்.
முதலில் சொன்ன அம்மாவைப் போலத் தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். வயது போகப் போகத் தாகம் தோன்றுவதும் குறைகிறது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சலக் கிருமியும் வரும். சில முதியவர்களுக்குச் சலக் கிருமியின் முதல் அடையாளமே திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுவதுதான். அதை "வயசு போட்டுது, மாறாட்டம்" என்று விட்டுவிடக் கூடாது. இரண்டொரு நாட்களுக்குள் திடீரென வந்த குழப்பம் என்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. கட்டிலுக்கருகில் மூடியுள்ள ஒரு வாளி, நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை, தலைமாட்டில் ரோர்ச் லைற், மலசலகூடச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு குழாய். இருதய, சிறுநீரக நோயாளர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

2. கண், காது, பல்.
"அம்மா இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறதில்லை, எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுறா" என்று மகள்மார் சொல்வதுண்டு. பல வேளைகளில் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. கேளாததை மறைக்க அவர் ஒதுங்கிப் போகிறார். கண்புரைச் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசம். ஆனால் கூட்டிப்போய், நின்று, திரும்பக் கொண்டுவர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாததால் வருடக்கணக்காகப் பார்வை மங்கியபடியே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பல்லில்லாதவருக்குக் காய்ந்த புட்டும் பொரியலும் கொடுத்தால் தட்டு அப்படியே திரும்பிவரும். "பசியில்லை" என்பார். கஞ்சியோ, குழைத்த சோறோ, நன்றாக ஊறிய இடியப்பமோ கொடுத்துப் பாருங்கள். மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் 14 காரணிகளில் காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமைப்படுதல் ஆகிய மூன்றும் இருப்பதாக லான்செற் ஆணைக்குழு 2024 இல் அறிவித்துள்ளது. ஒரு மூக்குக் கண்ணாடி இத்தனை தூரம் உதவக்கூடியது.

3. மருந்து.
சலரோகம், பிறசர் உள்ளவர்களுக்கு மாதாந்தக் கிளினிக் உண்டு. கிளினிக் கொப்பியும் இருக்கும், குளிசைப் பையும் இருக்கும். ஆனால் உள்ளே போவது எத்தனை? 2022 பொருளாதார நெருக்கடியில் சில குளிசைகளை வெளியில் வாங்கச் சொன்னபோது, பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்ட பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. வேறு சிலர் சாப்பிடாமலே சலரோகக் குளிசையைப் போட்டுவிட்டுத் தலைசுற்றி விழுகின்றனர். எழுத்துத் தெரியாதவருக்கு, அல்லது எழுத்துக் கண்ணுக்குத் தெரியாதவருக்கு, காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் கீறிய இரண்டு சிறு போத்தல்கள் போதும். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்யும்.

4. பேச்சுத்துணை.
வெளிநாட்டுப் பிள்ளை மாதாமாதம் காசு அனுப்புகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் காட்டுகிறது. "அம்மா சாப்பிட்டியளோ, மருந்து போட்டியளோ" என்ற இரண்டு கேள்வியோடு கதை முடிகிறது. மிகுதி ஆறு நாளும் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து படலையைப் பார்த்தபடிதான். அவருடைய அனுபவத்தைக் கேட்க ஒருவருமில்லை. ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால்கூட அவருடைய முகம் மலரும். கீரை ஆய்தல், வெங்காயம் உரித்தல், ஓலை பின்னுதல் என்று முடிந்த வேலையைச் செய்ய விடுவதும் கவனிப்பில் சேர்த்தி. "நீங்கள் சும்மா இருங்கோ" என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கு "நீங்கள் இனித் தேவையில்லை" என்று கேட்கிறது.

5. தன் பணமும் தன் தீர்மானமும்.
வங்கிப் புத்தகமும் அட்டையும் வேறொருவர் கையில் இருக்க, ஐம்பது ரூபாவுக்கும் கேட்டு நிற்கும் முதியவர்கள் உள்ளனர். வெற்றிலைக்கோ, கோயில் உண்டியலுக்கோ, பேரப்பிள்ளையின் கையில் வைப்பதற்கோ சிறு தொகை அவர் கையிலேயே இருக்க வேண்டும். வீடும் அப்படித்தான். எமது வழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. நன்கொடை உறுதி எழுதும்போது சாகும்வரை தாமே இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்து எழுதலாம். நொத்தாரிசிடம் இதைக் கேட்டு, உறுதியை வாசிக்கச் சொல்லி விளங்கிய பின்னரே கையெழுத்து வைக்க வேண்டும். இதைக் கேட்பதால் பிள்ளை மேல் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகாது.

போர் விட்டுச்சென்றவை

எமது முதியவர்களுக்கு வேறெந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாத சில தேவைகள் உண்டு. இடப்பெயர்வுக் காலத்தில் அடையாள அட்டை, உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கொஞ்ச நகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம். மறதி நோய் வந்த சில முதியவர்கள் அந்தப் பையை இப்போதும் இரவில் தேடுகின்றனர். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகின்றனர். அவர்களிடம் "சண்டை முடிஞ்சு கனகாலம்" என்று வாதாடிப் பயனில்லை. ஒரு பையில் பழைய கடதாசிகளைப் போட்டுத் தலைமாட்டில் வைத்து, "எல்லாம் இஞ்சை இருக்குது அம்மா, நானும் பக்கத்திலை இருக்கிறன்" என்று கையைப் பிடித்துச் சொன்னால் அடங்கி நித்திரையாவார்கள். போரின் காயம் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கியது என்று மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வந்துள்ளார். வீட்டின் மூலையில் இருக்கும் முதியவரிடம் அது இன்றும் தெரிகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மற்றொரு பகுதியினர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் போராட்டங்களைத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் எதுவும் கிடைக்காமலே இறந்துவிட்டனர். எஞ்சியவர்கள் நோயோடும் முதுமையோடும் இருக்கின்றனர். மகள் கூப்பிட்டாலும் கொழும்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மா ஒருவருக்குக் காரணம் மிக எளிமையானது. மகன் திரும்பி வந்தால் இந்தப் படலைக்குத்தான் வருவான். அவரைப் பிடிவாதக்காரி என்று ஏசுவதற்கு முன்னர், இருக்கும் இடத்திலேயே அவருக்கு என்ன உதவி ஒழுங்கு செய்யலாம் என்று யோசிக்க வேண்டும்.

பார்ப்பவளை யார் பார்ப்பது?

இதுவரை வாசித்த சகோதரிகளில் சிலருக்கு மனம் சுருக்கென்றிருக்கும். "இவ்வளவையும் நான் ஒருத்தி எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேம்பர்வெல் முறையிலேயே முதியவருக்குரிய 24 விடயங்களுக்குப் புறம்பாகப் பராமரிப்பவருக்கென்று இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டுள்ளன. அவருக்குத் தேவையான தகவல் கிடைக்கிறதா, அவர் மனம் சோர்ந்துபோயிருக்கிறாரா என்பவையே அவை. முதியவரைப் பார்ப்பவரின் நிலைமையும் முதியவரின் நலத்தில் ஒரு பங்கு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர்.

எமது பகுதியில் பராமரிப்பவர் யார்? போரில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்து, கூலிவேலையோ தையலோ செய்து, தன் தாயையும் சிலவேளை கணவனின் தாயையும் சேர்த்துப் பார்க்கும் பெண். பாரிசவாதத்தில் படுத்தவரைத் தனியே தூக்கித் தூக்கி அவளுக்கு நாரிப்பிடிப்பு. கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளில் அன்றைய கூலி இல்லை, ஓட்டோக்காசு வேறு. இடையில் ஒரு சுடுசொல் வந்துவிட்டால் இரவெல்லாம் அழுகை. ஊர் அவளைப் பார்த்து "பொம்பிளைப் பிள்ளை எண்டால் பார்க்கத்தானே வேணும்" என்கிறது. ஆண் பிள்ளையைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதில்லை.

பராமரிப்பை அன்பின் அளவாக மட்டும் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். அது நேரமும் பலமும் பணமும் பயிற்சியும் வேண்டிய வேலை. வேலை என்றால் பங்கிடலாம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரனிடம் "காசு அனுப்பு" என்று பொதுவாகக் கேட்பதை விட, "வாரத்தில் மூன்று நாள் அம்மாவைக் குளிக்க வார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் உன்னுடைய பொறுப்பு, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு அரை மணித்தியாலம் அம்மாவோடு கதைப்பதும் உன்னுடைய பொறுப்பு" என்று பிரித்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் தம்பிக்குக் கிளினிக் நாள். பதினாறு வயது மகனுக்கும் பாட்டிக்குச் சாப்பாடு ஊட்டத் தெரிய வேண்டும்.

பயிற்சியும் முக்கியம். படுக்கையிலிருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் படுக்கைப்புண் வரும். இடுப்பு, குதிக்கால் போன்ற இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மாறாவிட்டால் அதுவே முதல் அடையாளம். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, எப்படித் தூக்குவது, எப்படித் துடைப்பது, எப்படி ஊட்டுவது என்று தாதியரிடம் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சட்டமும் உதவிகளும்

இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது, அவர்களைப் பராமரித்துத் தேவைகளை நிறைவேற்றுவது பிள்ளைகளின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறுவதற்குப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய முதியோர் பேரவையும் முதியோர் செயலகமும் இச்சட்டத்தின் கீழ் அமைந்தவையே. சட்டம் 2011 இல் திருத்தவும்பட்டது.

60 வயதானவர்கள் பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டை பெறலாம். 70 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டிலுள்ள முதியவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகச் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். நடக்க முடியாதவருக்காக நீங்கள் போய்க் கேட்கலாம். அவசர நோய்க்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

இவையெல்லாம் வேண்டியவை. ஆனால் சட்டத்தால் பணத்தைப் பெற்றுத்தர முடியுமே தவிர, பக்கத்தில் ஒருவரை இருத்த முடியாது. அதற்கு ஊர் வேண்டும்.

ஊர் சேர்ந்தால்

எமக்கு அருகிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் நோவு தணிப்புக் கவனிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1990 களின் இறுதியிலும் 2000 இன் தொடக்கத்திலும் மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் கூட்டங்கள் உருவாகின. சாதாரண ஊரவர்கள் சில நாள் பயிற்சி பெற்று, வாரத்தில் ஓரிரு மணித்தியாலம் ஒதுக்கி, படுக்கையிலிருப்பவர்களின் வீடுகளுக்குப் போகின்றனர். புண்ணுக்கு மருந்து கட்டும் தாதியும் வைத்தியரும் அவர்களுக்குப் பின்னால் இருக்கின்றனர். 2008 இல் கேரள அரசு இதைத் தனது கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சலரோகம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்து வீடு தேடிப் போகிறது. படுக்கையிலிருப்போருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது.

எமது ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மாதர் சங்கம், சனசமூக நிலையம், முதியோர் சங்கம் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் ஒழுங்காக இயங்குவது அநேகமாக மரண உதவிச் சங்கம்தான். ஒருவர் கண்ணை மூடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பந்தல், கதிரை, தேத்தண்ணி, வெற்றிலைத் தட்டம் எல்லாம் வந்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானமேறி வருவார்கள். முப்பத்தொன்றுக்கு வர்ணப்படத்தோடு கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். இந்த ஒற்றுமை எமது பலம். இதில் ஒரு பங்கை அவர் கண் திறந்திருக்கும்போதே கொடுத்தால் என்ன? அதே சங்கம், அதே ஆட்கள், அதே பதிவுக் கொப்பி. ஊரில் படுக்கையில் இருப்பவர், தனியே இருப்பவர், பார்வையில்லாதவர் யார் யார் என்று ஒரு பக்கம் எழுதினால் அதுவே தொடக்கம்.

மாதர் சங்கச் சகோதரிகள் இம்மாதமே செய்யக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

முதலாவது, இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு முதியவர் வீட்டைப் பொறுப்பெடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் போதும். அந்த நேரத்தில் பராமரிக்கும் பெண் வெளியே போய்வரலாம், அல்லது நித்திரை கொள்ளலாம்.

இரண்டாவது, முதியவரோடு தனியாகக் கதையுங்கள். மகளோடும் தனியாகக் கதையுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் காவிச் செல்லாதீர்கள். அடி, பட்டினி, அடைத்து வைத்தல் போன்ற கொடுமை தெரியவந்தால் மட்டும் சமூகசேவை உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டு விடாதீர்கள். "ராத்திரி எத்தினை தரம் எழும்பினனீங்கள்? ஆர் வெளிச்சம் பிடிச்சது? கடைசியா எப்ப தலைக்குத் தோய்ந்தனீங்கள்? இந்தக் கிழமை ஆரோடை கதைச்சனீங்கள்? நேற்று என்ன சாப்பிட்டனீங்கள், எவ்வளவு சாப்பிட்டனீங்கள்?" என்று கேளுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்டால்தான் குறை வெளியே வரும்.

நான்காவது, ஒரு முறையில் ஒரு தேவையை மட்டும் தீர்த்து வையுங்கள். ஒரு வீட்டுக்கு லைற், ஒரு வீட்டுக்குக் கண் கிளினிக், ஒரு வீட்டுக்கு உடைந்த படியைத் திருத்துதல். தீர்த்த பின்னரே அடுத்தது.

சகோதரிகளே, எமது முதியவர்கள் குறை சொல்லப் பழகாதவர்கள். செல்லடிக்கும் பசிக்கும் நடுவே "இருக்கிறதை வைச்சுச் சமாளிப்பம்" என்று எம்மை வளர்த்தவர்கள். அந்தப் பழக்கமே இன்று அவர்களுடைய தாகத்தையும் தனிமையையும் மறைத்துவிடுகிறது. அவர்கள் "குறையில்லை" என்று சொல்லும்போது அதை நம்பி எழும்பிவிடாமல் இன்னும் சற்று நேரம் பக்கத்தில் இருப்போம். இன்று நாற்பது, ஐம்பது வயதில் தனியே குடும்பம் சுமக்கும் நாமும் இன்னும் இருபது வருடத்தில் அதே சாய்மனைக் கதிரைக்கு வரப்போகிறவர்கள்தான். அன்றைக்கு எம்மிடம் யாராவது கேட்க வேண்டுமென்றால், அந்தப் பழக்கத்தை எமது பிள்ளைகள் இன்றைக்கு எம்மிடம் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில், மறதி நோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் முறைகள் பற்றிக் கதைப்போம். உங்கள் வீட்டில் நீங்கள் கண்டறிந்த சிறிய வழிகளை எழுதி அனுப்புங்கள். மற்றொரு சகோதரிக்கு அவை உதவும்.